நீச்சல் அடிக்கும் மகளுக்குக் கல்லூரி அணியில் இடம்: பத்தாம் வகுப்பிலிருந்து கையெழுத்து வரை

கேள்வி இது: நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். மகள் பத்தாம் வகுப்பு, 2028-இல் பள்ளி முடிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கிளப்பில் நீச்சல். 100 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 1:05.8, 200-இல் 2:23. படிப்பும் நன்றாக இருக்கிறது. இரண்டு கல்லூரிகளிலிருந்து கோடை முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம், இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சில ஆயிரம் டாலர் கேட்கிறது. “கோச்சுகள் தாங்களே தேடி வருவார்களா? ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? நாங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பது தடையா? எங்கிருந்து தொடங்குவது?”

முகாம் அழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். நிறையக் குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான். நீச்சலில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் முதலாவது) கோச் ஒருவர், மாணவி பத்தாம் வகுப்பு முடித்த பின் வரும் ஜூன் 15 வரை அவளுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதவோ போனில் பேசவோ, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதி இடம் தராது. அதற்கு முன் அனுப்ப முடிந்ததெல்லாம் முகாம் விளம்பரமும் பொதுக் கேள்விப் படிவமும்தான். அவை பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் மொத்தமாகப் போகும் தபால். உங்கள் மகளின் டைமைப் பார்த்து யாரோ ஆசைப்பட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தக் கல்லூரி அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தால், அந்தக் குளத்தில் நான்கு நாள் இருந்து பார்க்க விரும்பினால் அனுப்புங்கள். “கூப்பிட்டார்களே” என்பதற்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

கோச் தேடி வருவது நாட்டின் முன்னணியில் இருக்கும் சிலருக்குத்தான். மற்ற எல்லோரும் தாங்களே போய்க் கதவைத் தட்டித்தான் உள்ளே போகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முறையே அதுதான். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. நீச்சலில் அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். கால்பந்து, வாலிபால் பெற்றோருக்கு இந்த வசதி இல்லை. அங்கே வீடியோவைப் பார்த்து ஒருவர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கடிகாரம் சொல்லிவிடும்.

நீச்சல் கோச்சின் ஆண்டு முழுவதும் பிப்ரவரியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப்பை நோக்கியே ஓடுகிறது. 24 இடங்களுக்குப் புள்ளி தரும் கான்ஃபரன்ஸில் முதலிடத்துக்கு 32 புள்ளி, 8-ஆம் இடத்துக்கு 22, 9-க்கு 20, 16-க்கு 11, 17-க்கு 9, 24-க்கு 1. ரிலேக்கு இதைப் போல இரண்டு மடங்கு. ஒரு மாணவியைப் பார்க்கும்போது கோச்சின் மனத்தில் ஓடுவது, “இவள் வந்தால் பிப்ரவரியில் எத்தனை புள்ளி?” என்பதே. ஆகவே உங்கள் மகளின் டைமைத் தேசியத் தரவரிசையோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம், பூரிக்கவும் வேண்டாம். கல்லூரி கல்லூரியாக, அதன் கான்ஃபரன்ஸ் முடிவுகளோடு ஒப்பிடுங்கள்.

எப்படி என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரு கல்லூரியின் கான்ஃபரன்ஸில் சென்ற பிப்ரவரியில் பெண்கள் 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் காலைச் சுற்றில் 8-ஆவதாக வந்தவர் 1:03.9, 16-ஆவது 1:05.6, 24-ஆவது 1:07.2 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் 1:05.8. பத்தாம் வகுப்பிலேயே அங்கே பி ஃபைனலின் (9 முதல் 16 வரையிலான இடங்களுக்கான இறுதிச்சுற்று) வாசலில் நிற்கிறாள். இனி ஸ்விம்க்ளவுட் தளத்தில் அந்த அணியின் பக்கத்தைத் திறந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துபவர்களை மட்டும் எடுங்கள். நான்கு பேர் இருக்கிறார்கள்: ஒருவர் நான்காம் ஆண்டு, ஒருவர் மூன்றாம் ஆண்டு, இருவர் முதலாண்டு. உங்கள் மகள் 2028 இலையுதிர்காலத்தில் சேரும்போது முதல் இருவரும் போயிருப்பார்கள். இன்றைய முதலாண்டு மாணவிகள் இருவரும் அப்போது கடைசி ஆண்டில் இருப்பார்கள். அவர்கள் 2029-இல் பட்டம் வாங்கிப் போன மறுநாள் மெட்லி ரிலேயில் (நால்வர் ஆளுக்கொரு வகை நீச்சலை நீந்தும் போட்டி) பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பகுதி காலி. அந்தக் கோச்சுக்கு 2028 பேட்சில் ஒரு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரி கட்டாயம் வேண்டும். அதே 1:05.8 டைமோடு பக்கத்துக் கல்லூரிக்குப் போனால், அங்கே முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் 1:04-இல் இருக்கலாம்; அங்கே இடமில்லை. டைம் ஒன்றுதான், கதவு வேறு. இந்த வேலையை முப்பது கல்லூரிகளுக்குச் செய்ய இரண்டு மூன்று வார இறுதிகள் போகும். வேறு எதில் செலவிடும் நேரத்தையும்விட இது பலன் தரும். 2027, 2028 பேட்சுகளில் யார் எங்கே கமிட் செய்திருக்கிறார்கள் என்பதையும் அதே தளம் காட்டும். அதையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. கான்ஃபரன்ஸ் மீட்டில் ஒருவர் மூன்று தனிப்போட்டிகள் வரை நீந்தலாம். 100, 200 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் போக மூன்றாவதாக எதை நீந்துவாள் என்று கோச் பார்ப்பார். இயல்பான பதில் 200 ஐஎம், அதாவது நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் போட்டி. இப்போது அவளுக்கு அதில் சுமாரான டைம் இருந்தால், அடுத்த பதினெட்டு மாதத்தில் கிளப் கோச்சிடம் சொல்லி அதில் உழைப்பது நல்லது. இரண்டு போட்டிக்காரியைவிட மூன்று போட்டிக்காரிக்கு முன்னால் அதிகக் கதவுகள் திறக்கின்றன. இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இன்னும் அரை விநாடி குறைப்பதிலேயே மூழ்கிவிடுகிறார்கள்.

டிவிஷன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிவிஷன் 1, 2 கல்லூரிகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தரலாம். டிவிஷன் 3 தராது. டிவிஷன் 1-க்குள்ளேயே ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். “டிவிஷன் 3 என்றால் தரம் குறைவு” என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கென்யன் கல்லூரி ஆண்கள் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை டிவிஷன் 3 பட்டம் வென்றது. எமரி, எம்ஐடி, டெனிசன், வில்லியம்ஸ் போன்ற அணிகளில் நீந்தும் பெண்கள் பலர், கீழ்வரிசை டிவிஷன் 1 அணிகளில் இருப்பவர்களைவிட வேகமானவர்கள். படிப்பில் நன்றாக இருக்கும் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு இந்தக் கல்லூரிகளில்தான் நீச்சல் உண்மையான பலனைத் தருகிறது: சேர்க்கையே கடினமான இடத்தில் கோச்சின் ஆதரவு கிடைக்கிறது. அந்த ஆதரவின் பலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எம்ஐடியில் கோச் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு அட்மிஷன் அலுவலகத்துடையது. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் இருக்கும் நெஸ்காக் என்ற கான்ஃபரன்ஸின் கல்லூரிகளில் கோச்சின் ஆதரவுக்குக் கனம் அதிகம்.

பணக் கணக்கு. 2025 வரை டிவிஷன் 1 பெண்கள் நீச்சல் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பு, ஆண்களுக்கு 9.9. அதை முப்பது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். 25%, 40% என்று வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். 2025 ஜூனில், விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது குறித்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய் அணியின் தலைக்கணக்குக்கு வரம்பு வந்தது. நீச்சலும் டைவிங்கும் சேர்த்து 30 பேர். கேட்பதற்கு எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் என்பதுபோல் இருக்கும். நடப்பில் பெரும்பாலான கல்லூரிகள் நீச்சலுக்கு அவ்வளவு பணம் ஒதுக்குவதில்லை, ஆனால் இடங்கள் மட்டும் குறைந்துவிட்டன. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாக 35-ஆவது ஆளாகச் சேர முடிந்தது. இப்போது அந்த நாற்காலி இல்லை. அதோடு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து வரும் இருபது வயதுக்காரிகளும் வெளிநாட்டு நீச்சல்காரிகளும் அதே முப்பதில் இடம் பிடிக்கிறார்கள். டிவிஷன் 2-இல் பெண்கள் நீச்சலுக்கு 8.1 ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை, அதுவும் பங்குதான்.

ஆகவே “ஃபுல் ரைடு” (எல்லாச் செலவுக்கும் முழு ஸ்காலர்ஷிப்) என்ற சொல்லை வீட்டில் புழங்கவிடாதீர்கள். படிப்புக்கான மெரிட் உதவி, வருமானம் பார்த்துத் தரும் உதவி, கொஞ்சம் விளையாட்டுப் பணம் என்று மூன்றும் கலந்து வருவதுதான் யதார்த்தம். விளையாட்டுப் பணமே தராத ஒரு டிவிஷன் 3 கல்லூரி கடைசிக் கணக்கில் மலிவாக முடிவதும் உண்டு. ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் கருவி) கட்டாயம் இருக்கும். பட்டியலில் ஒரு கல்லூரியைச் சேர்க்கும் அன்றே உங்கள் வருமானத்தைப் போட்டு அதை ஓட்டிப் பாருங்கள்.

எச்-4 விசாவுக்கு வருகிறேன். விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தேவையில்லை. அந்த அளவில் தடை இல்லை. சிக்கல் மூன்று இடத்தில் வரும். முதலாவது, எச்-4-இல் இருப்பவர்களுக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் உதவி கிடையாது. பல கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே பார்க்கும். “பணம் கேட்கிறாள்” என்பதே சேர்க்கையைப் பாதிக்கலாம். அப்படிப் பார்க்காமல், தேவையையும் முழுதாக ஈடுகட்டும் கல்லூரிகள் மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை. நெட் பிரைஸ் கால்குலேட்டர் பெரும்பாலும் குடிமக்களை மனத்தில் வைத்தே கணக்குச் சொல்லும் என்பதால், கோச்சிடம் பேசும் முதல் மாதத்திலேயே விசா நிலையைச் சொல்லி, உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாவது, 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கல்லூரியின் நடுவில் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அதற்கான தேதியை இப்போதே குறித்து வையுங்கள். மூன்றாவது, வேலை அனுமதி. பெயரையும் படத்தையும் பயன்படுத்தித் தரும் என்ஐஎல் பணம், கல்லூரி பகிரும் வருவாய்ப் பங்கு இரண்டையும் இந்த விசாக்களில் வாங்குவது விசாவுக்கே ஆபத்தாகலாம். கடையொன்று இலவசமாக நீச்சல் உடை கொடுத்து இன்ஸ்டாகிராமில் படம் போடச் சொன்னால்கூட, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் சரி என்று சொல்ல வேண்டாம். ஸ்காலர்ஷிப்பில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வரும் பகுதிக்கு வருமான வரி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்; இது எல்லோருக்கும் பொது.

படிப்புத் தகுதி நல்ல மாணவிக்கு எளிது என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். டிவிஷன் 1-க்கு 16 கோர் பாடங்கள் (தகுதிக்கு என்சிஏஏ ஏற்கும் அடிப்படைப் பாடங்கள்) வேண்டும்: ஆங்கிலம் 4 ஆண்டு, கணிதம் 3, அறிவியல் 2, இம்மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இவற்றிலோ அயல்மொழி போன்றவற்றிலோ கூடுதலாக 4. இதில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மதிப்பெண் அதோடு பூட்டப்பட்டுவிடும், பிறகு மறுபடி எழுதி உயர்த்த முடியாது. கோர் ஜிபிஏ குறைந்தது 2.3. இது அணியில் ஆடுவதற்கான அடிமட்டம் மட்டும். கல்லூரியின் அட்மிஷன் கேட்பது வேறு. தகுதிக்காக எஸ்ஏடி கேட்பதை என்சிஏஏ 2023 ஜனவரியில் கைவிட்டது, ஆனால் எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் போன்றவை சேர்க்கைக்குக் கேட்கின்றன. பதினொன்றாம் வகுப்பின் வசந்த காலத்துக்குள் ஒரு நல்ல மதிப்பெண் கையில் இருக்கட்டும்.

சிக்கல் வருவது பாடத்தின் பெயரில். உங்கள் பள்ளி நடத்தும் ஒவ்வொரு பாடமும் கோர் பாடமாகாது. என்சிஏஏவின் தகுதி சரிபார்க்கும் பிரிவான எலிஜிபிலிட்டி சென்டர் இணையதளத்தில் பள்ளியின் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் அங்கீகரித்த பாடங்களின் பட்டியல் வரும். மகளின் டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் அடியுங்கள். கோடையில் இணையத்தில் எடுத்த பாடத்தை முதலில் சரிபாருங்கள். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 முடித்திருந்தால் (நம் பிள்ளைகள் பலர் முடித்திருப்பார்கள்), அது உயர்நிலைப்பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் மதிப்பெண்ணோடும் கிரெடிட்டோடும் இருந்தால்தான் கணக்கில் வரும். எலிஜிபிலிட்டி சென்டரில் இப்போது இலவசக் கணக்கு தொடங்கினால் போதும். டிவிஷன் 1 அல்லது 2 கல்லூரி ஒன்று தீவிரமாகப் பேசத் தொடங்கியதும் கட்டணக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம்.

இனி கடிதம். கோச் பதில் எழுதத்தான் தேதி இருக்கிறது. மாணவி எழுதத் தேதி இல்லை. டிவிஷன் 3 கோச்சுக்கு அந்தத் தடையும் கிடையாது, இன்றைக்கே பதில் போடலாம். எனவே முதலில் கல்லூரி இணையதளத்தில் உள்ள கேள்விப் படிவத்தை நிரப்பிவிட்டு, அடுத்த நாள் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ரெக்ரூட்டிங் பார்க்கும் உதவி கோச்சுக்கு அனுப்பி, தலைமைக் கோச்சுக்கு நகல் போடட்டும். தலைப்பு வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்: “2028 பேட்ச், 100 பிரெஸ்ட் 1:05.8, 200 பிரெஸ்ட் 2:23, பெயர், நியூ ஜெர்சி.” கோச் அதைப் போனில், குளத்தங்கரையில் நின்றபடி பார்ப்பார்.

உள்ளே மொத்தம் 150, 200 சொற்கள் போதும். முதல் இரண்டு வரியில் யார், எந்தக் கிளப், எந்தப் பள்ளி. பிறகு டைம்கள், ஒவ்வொன்றுக்கும் மீட்டின் பெயரும் மாதமும். அதன் பக்கத்திலேயே ஓராண்டுக்கு முன் இருந்த டைம். 1:09.4-இலிருந்து 1:05.8-க்கு வந்தவள், இரண்டு ஆண்டாக 1:05.5-இலேயே நிற்பவளைவிட கோச்சுக்குப் பிடித்தமானவள். உயரம், ஜிபிஏ, எடுத்த கடினமான பாடங்கள், எஸ்ஏடி இருந்தால் அது. அந்தக் கல்லூரியைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம்: அங்கே இருக்கும் எந்தப் படிப்பு வேண்டும், ஏன். அடுத்த மூன்று மீட்டுகளின் தேதி. கிளப் கோச்சின் தொடர்பு விவரம். ஸ்டார்ட், திருப்பம், நீருக்கடியில் இழுப்பு தெரியும் ஒரு நிமிட வீடியோவின் இணைப்பு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் சுவரைத் தொட்டுத் திரும்பி ஒரு இழுப்பில் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதைக் கோச்சுகள் கூர்ந்து பார்ப்பார்கள்.

டைம் எழுதுவதில் கை சுத்தம் வேண்டும். கோடையில் 50 மீட்டர் குளத்தில் நீந்திய டைமை யார்டுக்கு மாற்றி, அதையே உண்மை டைம்போல எழுதினால் கோச் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மாற்றிய டைம் என்றால் அப்படியே சொல்ல வேண்டும். ரிலேயின் நடுவில் நீந்திய ஸ்பிளிட்டும் அப்படித்தான். பறந்து தொடங்கும் அது அரை விநாடிக்கு மேல்கூட ஏமாற்றும். நல்ல மீட் முடிந்ததும் நான்கு வரியில் புதிய டைமை மட்டும் அனுப்பட்டும். பதில் வராவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இப்படி எழுதினால் தொந்தரவு ஆகாது.

இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மின்னஞ்சலை அவளே எழுதட்டும், அவள் பெயரில் உள்ள முகவரியிலிருந்து போகட்டும், போனை அவளே எடுக்கட்டும். பிள்ளைக்கு எல்லாவற்றையும் முன்னின்று முடித்துத் தரும் பழக்கம் நமக்கு அதிகம். அன்பினால் வருவது அது. ஆனால் கோச் நான்காண்டு, காலை ஆறு மணிக்குக் குளத்தில் ஒரு பெண்ணோடு வேலை செய்யப் போகிறார். அந்தப் பெண் எப்படிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அப்பா பேசி அம்மா திருத்தினால், அவளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. உங்கள் வேலை பட்டியல், பணக் கணக்கு, பயண ஏற்பாடு. பணம் பற்றிய பேச்சு வரும்போது நீங்கள் உட்காரலாம், உட்காரவும் வேண்டும். முதல் அழைப்புக்கு முன் வீட்டில் இரண்டு மூன்று முறை பேசிப் பழகட்டும். முதல் உண்மையான அழைப்பு அவள் பட்டியலின் கடைசியில் இருக்கும் கல்லூரியோடு அமைந்தால் நல்லது.

2028 பேட்சுக்குத் தேதிகள் இவை. 2026 ஜூன் 15: டிவிஷன் 1, 2 கோச்சுகள் எழுதலாம், அழைக்கலாம். அதற்கு முந்தைய வாரத்தில் முப்பது பேருக்கும் புதிய டைமோடு ஒரு மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். அன்று போன் ஒலிக்காவிட்டால் அழ வேண்டாம். பல அணிகள் முதல் சில வாரம் பட்டியலின் மேலே இருப்பவர்களோடு பேசிவிட்டு, இலையுதிர்காலத்தில் அடுத்த வரிசைக்கு வருகின்றன. 2026 ஆகஸ்ட் 1: டிவிஷன் 1-இல் விசிட் தொடங்கலாம். அதிகாரப்பூர்வ விசிட் என்றால் பயணம், தங்கல், சாப்பாடு கல்லூரி செலவு. 2023 ஜூலையிலிருந்து எத்தனை டிவிஷன் 1 கல்லூரிக்கு வேண்டுமானாலும் போகலாம், ஒரு கல்லூரிக்கு ஒருமுறை. டிவிஷன் 3-இல் பதினொன்றாம் வகுப்பின் ஜனவரி 1-இலிருந்து. விசிட்டில் அணிப் பெண்களோடு தங்கும் அந்த இரவுதான் முக்கியம். கோச் அறையில் இல்லாதபோது அவர்கள் கோச்சைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

அழைப்பிலும் விசிட்டிலும் மகள் கேட்க வேண்டியவை:

- 2028 பேட்சில் எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அதில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் எத்தனை, உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது?
- எந்த டைம் வந்தால் என் நிலை மாறும்?
- நான்காண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்?
- காயம்பட்டு ஓராண்டு நீந்த முடியாமல் போனால் என் இடமும் பணமும் என்னாகும்?
- எந்தப் படிப்புகளின் லேப் நேரம் பயிற்சியோடு மோதுகிறது?

முதல் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில், பதில் பெரும்பாலும் “இல்லை”தான். “உன்னைத் தொடர்ந்து கவனிக்கிறோம்” என்ற வாக்கியத்தை நம்பி மற்றக் கதவுகளை மூட வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலையில், படிப்பு கடினமான டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஐவியிலும் ப்ரீ-ரீட் நடக்கும். டிரான்ஸ்கிரிப்ட், எஸ்ஏடி, பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் எல்லாவற்றையும் கோச் அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுத்து முன்கூட்டிக் கருத்துக் கேட்பார். நல்ல பதில் வந்தபின் கோச் பெரும்பாலும் சொல்வது, “எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தால் முழு ஆதரவு தருகிறேன்.” எர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் விண்ணப்பம், கிடைத்தால் சேர வேண்டும். பெரும்பாலும் கெடு நவம்பர் 1 அல்லது 15. இந்த இடத்தில் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: “ப்ரீ-ரீட் நன்றாக வந்து உங்கள் முழு ஆதரவோடு விண்ணப்பித்தவர்களில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்க்கை பெறவில்லை?” “விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகை மதிப்பீடு தர முடியுமா?” பணம் எவ்வளவு என்று தெரியாமல் எர்லி டிசிஷன் போடுவது, விலை கேட்காமல் வீடு வாங்குவது போன்றது. எச்-4 குடும்பத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஐவியில் அட்மிஷன் அலுவலகமே அக்டோபர் 1-க்குப் பின் லைக்லி லெட்டர் (சேர்க்கை அநேகமாக உறுதி என்று சொல்லும் கடிதம்) அனுப்பலாம். அது வந்தால் மூச்சு விடலாம். கோச்சின் வாய்ச்சொல் அந்தக் கடிதம் ஆகாது.

டிவிஷன் 1, 2-இல் வாய்மொழி ஆஃபர் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. அந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று மாணவி கையெழுத்திடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறை 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது கையெழுத்தாவது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம், பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் தொடங்கி. கையெழுத்துக்கு முன் தொகை எவ்வளவு, ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, டியூஷன் ஏறினால் தொகை ஏறுமா, முப்பதில் ஓரிடம் உறுதியா என்ற நான்கையும் தாளில் பாருங்கள். தாளில் இல்லாத வாக்குறுதி அந்தக் கோச் வேறு கல்லூரிக்குப் போகும் அன்றே அவரோடு போய்விடும்.

அணியே கலைவதும் நடக்கிறது. அயோவா பல்கலைக்கழகம் ஆண்கள் நீச்சலை நிறுத்துவதாக 2020-இல் அறிவித்தது. கலிஃபோர்னியாவின் கால் பாலி 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் இரண்டையும் மூடியது; வரவிருந்த ஹவுஸ் சமரசத்தின் செலவும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சோதனை வையுங்கள்: இரண்டாம் ஆண்டில் தோள்பட்டை போய்விட்டது, அல்லது அணியை மூடிவிட்டார்கள், அப்போதும் அவள் அங்கேயே படிக்க விரும்புவாளா? இல்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், டைம் எவ்வளவு பொருந்தினாலும்.

ரெக்ரூட்டிங் நிறுவனம் தேவையில்லை என்பதே என் கருத்து. நீச்சலில் டைம்கள் பொதுவெளியில் இருக்கின்றன, கோச்சுகளின் முகவரி கல்லூரித் தளத்தில் இருக்கிறது. நிறுவனம் மொத்தமாக அனுப்பும் மின்னஞ்சலுக்கும் மகள் எழுதும் மின்னஞ்சலுக்கும் உள்ள வித்தியாசம் கோச்சுக்கு உடனே தெரியும். ஸ்காலர்ஷிப் தொகையில் பங்கு கேட்கும் ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் கையெழுத்தே போட வேண்டாம். அது என்சிஏஏ விதிக்கு எதிரானது, மகளின் தகுதிக்கே உலை வைக்கும். அந்தப் பணத்தில் இரண்டு கல்லூரிக்கு நேரில் போய் வரலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபர் வந்தும் எதுவும் அமையவில்லை என்றால் பட்டியலைக் கீழே இறக்கி மறுபடி எழுதட்டும். பல டிவிஷன் 3 அணிகள் வசந்த காலம் வரை ஆள் சேர்க்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களில் கிளப் நீச்சல் அணிகளும் உண்டு. போட்டியும் தோழமையும் அங்கேயும் கிடைக்கும்.

அமைந்துவிட்டால், முடிவெடுத்த அன்றே, தன்னோடு பேசிக்கொண்டிருந்த மற்றக் கோச்சுகள் ஒவ்வொருவருக்கும் அவளே போன் செய்து அல்லது இரண்டு வரி எழுதி, நன்றி சொல்லி, இன்ன கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லட்டும். அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்துக்கு இன்னொரு பெண் காத்திருக்கிறாள். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பெண்ணுக்கு அழைப்பு போகும்.